என் வயிற்றெரிச்சலும் நாலு ஷாக்கும்

சக்களத்தி என்றால் சேலை கட்டிக்கொண்டுதான் வர வேண்டுமா? எனக்கு வாய்த்தது ரப்பர் டயரோடு வந்தது. ரிமோட்டில் ஓடும் கார். சேதராப்பட்டு கம்பெனியில் வேலை முடிந்து வந்தால் என் கணவருக்கு அதுதான் உலகம். அதிலும் குலுக்கலை வாங்கிக்கொண்டு அந்தக் காரைத் தாங்கும் நாலு ஷாக் அப்சார்பர், அவர் பாஷையில் ஷாக், இருக்கின்றனவே, என் ஆள்காட்டி விரல் நீளம்தான், அவற்றைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் பக்கத்து மணல் திடலில் நண்பர்களோடு கார் ஓட்டுவார். மணல் புகுந்து ஷாக்கில் எண்ணெய் கசியும். அதனால் சனிக்கிழமை முழுக்க அவற்றைக் கழற்றிப் பரப்பிவைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். குழாயைத் துடைத்து, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை மாற்றி, சிலிக்கான் எண்ணெயை விளிம்புவரை ஊற்றுவார். உள்ளே இருக்கும் தண்டை மெல்ல மேலும் கீழும் அசைத்து, காற்றுக்குமிழி எல்லாம் மேலே வரும்வரை காத்திருப்பார். மூடியபின் காதோரம் வைத்து அழுத்துவார். 'பிச்' என்று சத்தம் வந்தால் உள்ளே காற்று இருக்கிறது, மறுபடி முதலிலிருந்து.

எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் கைவைத்துப் பார்க்காத மனுஷன் அவர்!

"ஏங்க, வைத்திக்குப்பத்துல சங்கரா மீன் நல்லா வந்திருக்குதாம். போய் வாங்கியாறீங்களா?"

"ஷ்ஷ்! குமிழி வருது."

குமிழிக்கு இருக்கிற மரியாதை கட்டினவளுக்கு இல்லை.

ஒரு சனிக்கிழமை, அவர் சிந்திய எண்ணெயில் அவரே வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டில் விரிசல், மாவுக்கட்டு. நல்லா வேணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பொய் சொல்வானேன், வாய்விட்டே சொன்னேன்.

அடுத்த வாரம் திடலில் பந்தயம். ரிமோட்டைப் பிடிக்க விரல்கள் போதும், ஷாக்கைப் பிரித்து எண்ணெய் ஊற்றித் திரும்பக் கட்டத்தான் ரெண்டு கையும் வேண்டும். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் இறங்கி வந்தார்.

"இந்தா, நீ கொஞ்சம் கட்டறியா? நான் சொல்லிக்குடுக்கறேன்."

"உங்க சக்களத்திக்கு நான் எண்ணெ தேய்ச்சு விடணுமா?"

கேட்டேனே தவிர, உட்கார்ந்துவிட்டேன். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று பார்க்க வேண்டாமா? அதிரசப் பாகுக்கு அடுப்பங்கரையில் நின்ற பொறுமை எனக்கு உண்டு. தண்டை மெல்ல அசைத்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஷ்ஷ்! குமிழி வருது" என்றேன்.

மூடி, காதில் வைத்து அழுத்தினேன். சத்தமே இல்லை. நாலிலும் இல்லை.

பந்தயத்தன்று மேட்டிலிருந்து குதித்த கார் துள்ளாமல் அப்படியே உட்கார்ந்து ஓடியது. அவர்தான் முதலில் வந்தார். நண்பர் ஒருவர் காரை அழுத்திப் பார்த்துவிட்டு, "அண்ணே, வெண்ணெயாட்டம் இருக்குதே! யாரு கட்டுனது?" என்றார்.

"நான்தான். இந்தக் கைய வெச்சுக்கிட்டு எவ்ளோ கஷ்டப்பட்டேன் தெரியுமா?"

நான் பக்கத்தில்தான் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தேன். அடப்பாவி! அதுவரை ஷாக்கின்மேல் இருந்த பொறாமை அப்படியே அவருக்குக் கிடைத்த பேரின்மேல் தாவியது.

"இவரு எண்ணெ சிந்துறதுல கெட்டிக்காரரு. கட்டுனது நான்" என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த நண்பர் தன் ஷாக்கையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணி, எனக்கும் கட்டிக்குடுங்க." என் கணவர் அன்று காபிகூடக் குடிக்கவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு வந்த அன்று, சட்டையைக்கூட மாற்றாமல் நான் கட்டிய ஷாக்கைக் கழற்றி எண்ணெயைக் கொட்டினார்.

"ஒழுகவே இல்லையே, அத எதுக்குப் பிரிக்கறீங்க?"

"சும்மாதான். கொஞ்சம் சரியில்லாத மாதிரி இருந்துது."

அந்த முகம் எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கண்ணாடியில் நான் பார்த்த முகம்தான். புதுசாக எண்ணெய் ஊற்றினார், அசைத்தார், அவசர அவசரமாக மூடிக் காதோரம் அழுத்தினார்.

பிச்.

வாசல் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. எத்தனையோ நாளாக எரிந்த வயிறு அப்போதுதான் குளிர்ந்தது. பையை எடுத்துக்கொண்டு சங்கரா மீன் வாங்க நானே கிளம்பினேன்.