ஒரே பைண்டு

ஜெபதாஸ் ஈரத் துவர்த்துத் துண்டைப் பிழிந்து, கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிற பெட்டி! அதைச் சரிபார்க்க வந்திருந்த நான் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"சும்மா இரி மக்கா. ரெண்டு நாளா அதுக்குக் காய்ச்சல். தொட்டுப் பாரு, எப்படிச் சுடுதுன்னு."

எங்கள் கருங்கல் ஊர்ச் சந்திப்பில் பிரிட்ஜும் ஏசியும் பழுது பார்ப்பவர் ஜெபதாஸ். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காகக் காலம் தள்ளித் திரும்பியவர். உலகத்து நோவெல்லாம் சூட்டினால் வருவது என்பது அவர் கட்சி. மனைவி ராஜபாய் கோபப்பட்டால்கூட, "ஒனக்குக் கூலிங் கேஸ் தீந்துபோச்சு, பெறவு வாறேன்" என்று நழுவிவிடுவார்.

மூடிப்போன பிரவுசிங் சென்டரில் வாங்கிய அந்தப் பழைய கம்ப்யூட்டரை வீட்டிலேயே சர்வராக்கி, மின்னூல் மென்பொருள் ஒன்றை ஏற்றி, சபைப் பத்திரிகையின் அறுபது வருஷத்து இதழ்களையும் ஸ்கேன் செய்து போட்டிருந்தார். துபாயில் இருக்கிறவர்கள்கூடப் போனில் திறந்து தங்கள் ஞானஸ்நான அறிவிப்பைத் தேடுவார்கள். அந்தப் பத்திரிகையைப் பாதிக் காலம் நடத்தியவர் ஜெபதாஸின் மறைந்த அப்பா.

துவர்த்தை எடுத்தெறிந்துவிட்டு உட்கார்ந்தேன். பிராசசர் நூற்றுக்கு நூறு. மின்னூல் மென்பொருள் ஒன்றே அவ்வளவையும் தின்றுகொண்டிருந்தது. பெட்டி கொதித்துத் தானே அணைந்துவிடுமாம்; இவர் மறுபடி எழுப்பிவிடுவாராம். வைரஸ் என்றுதான் நினைத்தேன். நூலகத்தைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு புத்தகம்.

"மத்ததெல்லாம் எங்க அண்ணே?"

"எல்லாம் அதுக்குள்ளதான். பைண்டு பண்ணிட்டேன்."

எங்கள் பக்கத்துச் சபைகளில் வேதப்புத்தகத்தையும் பாட்டுப்புத்தகத்தையும் சேர்த்து ஒன்றாகத் தைத்து வைத்துக்கொள்வார்கள். தனித்தனியாகக் கொண்டுபோனால் ஒன்று பெஞ்சிலேயே தங்கிவிடும். அதே புத்தியில் மனிதர் அத்தனை இதழ்களையும் ஒரே கோப்பாகச் சேர்த்துத் தைத்திருந்தார். யாரோ போனில் ஒரு பக்கத்தைத் திறந்தாலும், அதற்காக மென்பொருள் மொத்த மூட்டையையும் அவிழ்த்துக் கட்டியது. நாலு பேர் சேர்ந்து திறந்தால் கேட்கவே வேண்டாம்.

"இதப் பிரிச்சுப் போடணும். எதுக்கும் காகிதம் பத்திரமா இருக்குல்லா?"

"கரையான் கேறிட்டு. தீய வச்சாச்சு."

"தனித்தனியா ஸ்கேன் பண்ணினது?"

"அழிச்சிட்டேன். பைண்டு பண்ணின பெறவு அது எதுக்கு?"

அறுபது வருஷம் அந்தக் கொதிக்கிற பெட்டிக்குள். அதன்மேல் இவர் ஈரத்துணி போட்டிருக்கிறார்! அடுக்களையிலிருந்து வந்த ராஜபாய், "எனக்க ஏசுவே, எரிச்சிட்டியளா?" என்று வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அப்போதுதான் ஜெபதாஸுக்கு உறைத்தது.

"மக்கா, அப்பா இதுக்குள்ள மட்டுந்தான் இருக்காரா?"

மென்பொருளை நிறுத்தினேன். பெட்டிக்குள் காற்றாடியின் இரைச்சல் மெல்ல அடங்கியது. வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி நகலெடுக்க விட்டேன். நகல் முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி ஜெபதாஸ் கையில் கொடுத்தேன்.

"பிரிக்கிற வேலைய நான் பாத்துக்கிடுதேன். ஆனா இந்த டிஸ்க் இந்த வீட்டுல இருக்கக்கூடாது. இடி விழுந்தா ரெண்டும் சேந்து போயிரும். பத்திரமா வைக்கிற வேற ஆளுகிட்ட குடுங்க" என்றேன்.

ஜெபதாஸ் டிஸ்கோடு எழுந்து கொல்லைப்புறம் போனார். அங்கே ஒரு மதில். அதற்கு அந்தப் பக்கம் அவர் தம்பி இஸ்ரவேலின் வீடு. அந்த மதில் எழும்பிய நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசியதில்லை. அப்பாவின் அடக்கத்தன்றுகூட ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். ராஜபாய் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஏலே, இஸ்ரவேலே!"

அந்தப் பக்கம் தேங்காய் உரிக்கிற சத்தம் நின்றது. ஜெபதாஸ் குதிகாலை உயர்த்தி, டிஸ்கை இரண்டு கையாலும் மதிலுக்கு மேலே நீட்டினார்.

"பிடிலே. அப்பாவாக்கும்."