பெல்மீரோ வண்டியேற்றி வந்த இறால்கள்

எங்கள் மெர்சேட் ஊர்ப் பக்கத்தில் ஒரு நகத்தளவு இறாலை பெல்மீரோ சில்வெய்ராவைப் போல வாயாரத் திட்டியவர் யாரும் இல்லை. மாரிக்காலத்தில் மேய்ச்சல் பள்ளங்களில் தண்ணீர் தேங்கியதும் அது பிறக்கும், மல்லாந்தபடி நீந்தும், முட்டையிட்டுச் சாகும். கோடையில் தரை வெடித்துக் கிடந்தாலும் முட்டைகள் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். அழிந்துவரும் இனம் என்று அரசாங்கம் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. அது இருக்கும் இடத்தில் மண்வெட்டி போட முடியாது.

"முப்பது வருஷமா இந்த நிலத்துக்கு வரி கட்டுறவன் நான், கும்பாத்ரி. ஆனா வீட்டுக்காரன் அந்த இறால்!" என்பார் என்னிடம். அவர் மகள் நத்தாலியாவுக்கு நான் ஞானத்தகப்பன். அதனால் எங்களுக்குள் கும்பாத்ரி என்றுதான் பேச்சு.

நத்தாலியா இரண்டு பிள்ளைகளோடு தனியாக ஃபிரெஸ்னோவில் வாடகைக்கு இருந்தாள். தன் நிலத்துச் சாலையோர மேட்டில் ஒரு வீடு கட்டி அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெல்மீரோவுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். மேட்டில் பள்ளமே கிடையாது. இருந்தாலும் இரண்டு மாரிக்காலம் ஆய்வாளர்கள் சோதித்து, இறால் இல்லை என்று எழுதித் தந்தால்தான் அனுமதி.

முதல் மாரி நல்லபடியாகப் போனது. அதற்குப் பிறகுதான் மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தினமும் காலையில் கீழ்ப் பள்ளத்தில் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு, அந்தச் சேற்றுச் சக்கரங்களோடே வண்டியை மேட்டுக்கு விடுவார். எங்காவது தண்ணீர் நிற்கிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து போனவன்தான். என் புத்தியும் புல் மேயப் போயிருந்தது.

இரண்டாம் மாரியில் ஹேலி என்ற ஆய்வாளர் பெண் வலையோடு வந்தாள். மேட்டில் எங்கள் வண்டித் தடத்தில் மட்டும் தண்ணீர் நின்றிருந்தது. அதில் வலையை விட்டு எடுத்துக் கிண்ணத்தில் கவிழ்த்தாள். ஏழெட்டு இறால், மல்லாந்தபடி, சாவகாசமாக.

"ஏம்மா, இவ்வளவு தூரம் இதுங்க நடந்தா வந்துச்சு?" என்று கத்தினார் பெல்மீரோ.

ஹேலி சக்கரத்திலிருந்து கொஞ்சம் சேற்றைக் கிள்ளிக் காட்டினாள். "முட்டை இதுல ஒட்டிக்கிட்டு வரும் சார். நீங்கதான் கூட்டிட்டு வந்திருக்கீங்க. குளமும் நீங்களே வெட்டிக் குடுத்திருக்கீங்க."

அனுமதி போயிற்று. திருவிழா மண்டபத்தில் சோப்பாஸ் என்ற மாட்டிறைச்சி சூப்புக்கு வரிசையில் நின்றபோது ஒருவன் விடவில்லை: "என்ன பெல்மீரோ, மக இடத்துல யாரையோ குடிவச்சிட்டியாமே?" எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இப்போது தெற்கு மேட்டுக்கு மனுப் போட்டிருக்கிறார். மறுபடியும் இரண்டு மாரி. இந்த முறை மகளுக்காக அவர் செய்ய வேண்டியதெல்லாம் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதுதான். அதைவிடக் கஷ்டமான வேலையை அந்த மனிதருக்கு யாரும் கொடுத்ததில்லை. மழை பெய்தால் வேலிக் கதவருகே வண்டியை நிறுத்திவிட்டு பைனாகுலரோடு உட்கார்ந்துவிடுகிறார்.

நேற்றும் அப்படித்தான், நான் பக்கத்தில் இருந்தேன். நத்தாலியா போனில் கேட்டாள்: "அப்பா, அந்தப் பக்கம் போனீங்களா?"

"நான் ஏன் போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?" என்று சொல்லிவிட்டு, பைனாகுலரின் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.