தஞ்சோங் பூங்காவுக்குப் போய்வந்த சேவல்

கைருன்னிசா புதுநகரத்தை விட்டுக் கப்பலேறப் புறப்பட்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் வருஷம், ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து நேரே ரயிலடிக்கு வந்துவிட்டார்கள். வழியனுப்ப வந்தவர்களின் அத்தர் வாசத்தில் ரயில் கரி வாசம்கூட அடங்கிப்போயிருந்தது. கைருன்னிசா வெள்ளைத் துப்பட்டியால் முக்காடிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் எதிர்பார்த்தது போல அவள் அழவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் வண்டி திரும்பியதும் பக்கத்திலிருந்த புருஷனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, கடல் தண்ணி குளிருமுங்ளா?"

"எனக்கென்னத்தத் தெரியும்? போன தடவ எட்டிக்கூடப் பாக்கல. வாந்தி எடுக்கவே நேரம் செரியா இருந்துச்சு" என்றார் அப்பாஸ்.

அவருடைய அண்ணன் மொய்து பினாங்கில் மளிகைக்கடை வைத்திருந்தார். அப்பாஸ் அங்கே கூடமாட இருந்துவிட்டு, கல்யாணத்துக்கென்று ஊருக்கு வந்து, இப்போது பெண்டாட்டியோடு திரும்பிப் போகிறார். கைருன்னிசாவுக்குப் பினாங்கும் ஒன்றுதான், பாலக்காட்டுக் கோட்டையும் ஒன்றுதான். இரண்டையும் பார்த்ததில்லை. பனைமரக் காற்றும் வயல்வரப்புமாக வளர்ந்தவளுக்கு ஒரே ஒரு ஆசை. கடலில் காலை நனைக்க வேண்டும்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிய பிறகு அந்த ஆசையும் கரைந்தது. மேல்தட்டில் சுருண்டு கிடந்தவளின் தலைமாட்டில் யாரோ வந்து உட்கார்ந்து, எலுமிச்சங்காய் ஊறுகாயை நாக்கில் தடவிவிட்டார்கள். கண்ணைத் திறந்தால் தன் வயசுப் பெண் ஒருத்தி, மூக்குத்தியும் சிரிப்புமாக.

"உனக்கு ஒண்ணும் பண்ணலியா?" என்றாள் கைருன்னிசா.

"தேவிகுளத்து ரோட்டுல தேயில லாரில போயிருக்கீகளா? அதுக்கு முன்னாடி இது தொட்டிலுதேன்க்கா."

அவள் பூமாரி. தேவிகுளத்துப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசைவீட்டில் பிறந்தவள். புருஷன் சந்தனம், ஜப்பான் சண்டைக்கு முன்னாலேயே மாமனோடு மலாயாவுக்குப் போய், பினாங்குக்கு எதிர்க்கரையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்ப்பவன்; ஊருக்கு வந்து கல்யாணம் முடித்து இப்போது அவளைக் கூட்டிப் போகிறான். கப்பல் கரை சேருவதற்குள் இரண்டு பெண்களும் ஒரே பாயில் படுத்துத் தூங்குமளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள்.

பினாங்கில் கைருன்னிசாவின் குடித்தனம் கடைக்கு மேல் மாடியில். கடல் வாசம் வரும், கடல் வராது. எதிர்மாடிச் சீனக் கிழவரின் துணிக்கொடிதான் தெரியும். சந்தனமும் பூமாரியும் சம்பளம் வாங்கிச் சாமான் எடுக்க அக்கரையிலிருந்து வரும் நாள் அவளுக்குப் பெருநாள். அப்படி வந்த ஒரு நாள்தான் பூமாரி அந்த யோசனையைச் சொன்னாள்.

"ரெண்டு வருசமாச்சு, இன்னும் கடல்ல காலு வைக்கலங்கிறீக. வர்ற ஞாயித்துக்கெழம தஞ்சோங் பூங்கா கடக்கரைக்குப் போவோம். நாலு பேரும். கறி நாந்தேன் ஆக்குவேன்."

கைருன்னிசா தயங்கினாள். பிஸ்மி சொல்லி அறுக்காத கறியை அவர்கள் வீட்டில் தொடுவதில்லை. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

பூமாரியே சிரித்துவிட்டாள். "தெரியும்க்கா. சேவல உசிரோட கொண்டாறேன். பாய் கையாலயே அறுக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் படகுத்துறையில் வந்து இறங்கியபோது சந்தனத்தின் கையில் மூங்கில் கூடை. உள்ளே சேவல் கொக்கரித்துக்கொண்டிருந்தது. இருட்டோடு எழுந்து, கூண்டுக்குள் கையை விட்டு அகப்பட்டதைப் பிடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு ஓடிவந்ததாகச் சொன்னான்.

பஸ்ஸில் பெண்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். பூமாரி கைருன்னிசாவின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

"நாலு மாசம்" என்றாள்.

கைருன்னிசா கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். மலாயாவுக்கு வந்தபின் பூமாரிக்கு இரண்டு முறை கலைந்துவிட்டது. இரண்டாம் முறை அவள் பல நாள் பேசாமலே கிடந்தாள்.

"இந்தத் தடவ தங்கும்க்கா. தோட்டத்து முனியாண்டிக்குச் சேவல் நேந்துவிட்டிருக்கேன். காலுல மஞ்ச நூலும் கட்டியாச்சு. பிள்ளைக்கு மொட்ட போடுறப்பத்தேன் அறுக்கணும். அதுவரைக்கும் அது மேல ஒரு கீறல் விழக் கூடாது. விழுந்தா..." அவள் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். "எந்திரிச்சதும் அது மொகத்துலதேன் முழிக்கேன். நல்லாத்தேன் இருக்கு, கொழுகொழுன்னு."

தஞ்சோங் பூங்காவில் இறங்கியதும் கடற்கரைக்குப் புல்வெளி வழியாக நடக்க வேண்டியிருந்தது. பூமாரி ஓரமாக நின்று சேலையைத் தூக்கிச் செருகி, கணுக்காலில் புகையிலையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்ற?" என்றார் அப்பாஸ்.

"அட்ட கடிக்கும்ண்ணே. புல்லுல எறங்குறப்ப எங்கூர்ல இப்பிடித்தேன்."

"அட்டைக்கு உப்பப் போட்டாச் செத்துப் போகும். அந்தா பாரு, அத்தனையும் உப்புத் தண்ணி. இங்க இருக்கற அட்டையெல்லாம் உன்ன மாதிரி மலைக்கு ஓடிப் போயிருக்கும்."

கரையில் பெரிய பெரிய பாறைகள். அலை அவற்றின் மேல் ஏறி வழிந்தது. கைருன்னிசா துப்பட்டியின் நுனியைப் பற்றிக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். "போ புள்ள, நனைச்சுக்க" என்றார் அப்பாஸ். பக்கத்தில் அந்நிய ஆள் சந்தனம் இருக்கிறானே என்று அவளுக்குக் கூச்சம். கறி வேலை முடியட்டும் என்றாள்.

பூமாரி மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். வீட்டிலேயே அரைத்து வந்த மசாலாவைப் பிரித்து முகர்ந்து பார்த்து, உப்புக் கம்மியோ என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். அப்பாஸ் கத்தியைத் தீட்டிவிட்டு, பொழுதைப் பார்த்து, மெக்கா இருக்கும் கிப்லாத் திசை எந்தப் பக்கம் என்று சந்தனத்தோடு வாதாடினார்.

"கைரு, சேவல எடுத்துட்டு வா. நீயே கால்களப் புடிச்சுக்க."

அவள் கூடைக்குள் கையை விட்டு இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். விரலில் ஏதோ நெருடியது. பார்த்தாள். இடது காலில், அழுக்கேறிப் போன மஞ்சள் நூல்.

புதுநகரத்தில் பக்கத்து வீட்டு நாச்சம்மாள் மாரியாத்தாளுக்கு நேர்ந்துவிட்ட சேவலை, தெருப்பிள்ளைகள் கல்லால்கூட அடிக்க மாட்டார்கள். நாச்சம்மாள் கூப்பாடு போட்டு விடுவாள். சாமிக்கு நேர்ந்ததை இவர்கள் சாப்பிடவும் கூடாது. ஆனால் அந்த நேரத்தில் கைருன்னிசா நினைத்தது அந்தக் கூடும் கூடாததை அல்ல. நாலு மாத வயிறோடு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவளின் முதுகைத்தான் பார்த்தாள். வாயைத் திறந்து "இது நேந்துவிட்ட சேவல்" என்று சொன்னால் சேவல் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கத்தி வரைக்கும் போன சேவலை நினைத்து நினைத்தே இன்னும் ஐந்து மாதம் அவள் பயந்து சாவாள். பிறகு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், இருட்டில் கூண்டுக்குள் கையை விட்ட புருஷனை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள்.

"கொண்டா, கொண்டா" என்று கையை நீட்டினார் அப்பாஸ்.

கைருன்னிசா விரல்களைத் தளர்த்தினாள்.

சேவல் அப்பாஸின் தோளில் ஏறி, தொப்பியைத் தட்டிவிட்டு, மணலில் குதித்து ஓடியது. அப்பாஸ் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். கத்தி கையிலேயே இருந்ததால் அங்கே மீன் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர்கள் இருவர் எழுந்து நின்றுவிட்டார்கள். "கத்தியக் கீழ போடுங்க பாய், போலீஸ் வந்துரும்" என்று சந்தனம் கத்தினான். பூமாரி அடுப்பை விட்டு நகர முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சேவல் பாறைமேல் ஏறிவிட்டது. ஒரு அலை வந்து அதைத் தலையோடு நனைத்தது. அடுத்த அலைக்குள் அதை எடுக்கவில்லையென்றால் கடல் கொண்டுபோய்விடும். கைருன்னிசா யாரையும் பார்க்கவில்லை. சேலையோடு இறங்கினாள். முழங்கால் அளவுத் தண்ணீரில் தட்டுத்தடுமாறிப் போய், துப்பட்டியைக் கழற்றிச் சேவலின் மேல் போட்டு, அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். அதன் நெஞ்சு அவள் கைக்குள் படபடவென்று அடித்தது. அப்போதுதான் அவளுக்குத் தான் நிற்குமிடம் உறைத்தது.

தண்ணீர் குளிரவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

முதலில் ஓடிவந்தவன் சந்தனம். அவள் துப்பட்டியை லேசாக விலக்கிச் சேவலின் காலைக் காட்டினாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணா, அவகிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்க. கூடைய மூடியே வெச்சிருங்க. லயத்துக்குப் போனதும் நீங்க முந்திப் போயி இதக் கூண்டுல விட்டுருங்க. நனைஞ்சது அதுதான்னு சொல்லி இன்னொண்ண எங்காச்சும் குடுத்துருங்க."

"தங்கச்சி..." என்று தொடங்கினான்.

"அழுகாதீங்க. அவ பாக்கறா."

நனைந்த சேவலை அறுத்தால் ருசி இருக்காது என்று கைருன்னிசா அடித்துச் சொல்லிவிட்டாள். அப்படி ஒரு சாஸ்திரம் உலகத்தில் எங்கும் கிடையாது. அப்பாஸ் முணுமுணுத்துக்கொண்டே வலைக்காரர்களிடம் போய் மீன் வாங்கி வந்தார். மீனுக்கு அறுப்பு ஏது? கோழிக்கு அரைத்த மசாலா மீனில் ஏறியது. "கோழி மசாலாவுல மீன் இம்புட்டு நல்லாருக்கும்னு தெரியாமப் போச்சே" என்று பூமாரி மறுபடியும் மறுபடியும் போட்டுச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பெண்களும் கைகோத்துக்கொண்டு அலைக்குள் நின்றார்கள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஆண்கள் கூப்பிடும் வரை.

அதுதான் அவர்கள் சேர்ந்து போன கடைசிப் பயணம். அடுத்த மாதமே சந்தனத்தை வெகு தூரத்தில் உள்நாட்டுத் தோட்டமொன்றுக்கு மாற்றிவிட்டார்கள். கம்யூனிஸ்டுகளோடு காட்டுச் சண்டையும் ஊரடங்குமான காலம். போக்குவரத்து அறுந்தது. இரண்டு பெண்களுக்கும் எழுதத் தெரியாது. அந்தப் பிள்ளை தங்கியதா இல்லையா என்று கைருன்னிசாவுக்குத் தெரியவே இல்லை. தனக்குப் பிள்ளை பிறந்தபோதும், பிரசவ வலிக்கு நடுவில், பூமாரிக்கு என்ன ஆச்சோ என்று கேட்டாளாம்.

மலாயா சுதந்திரம் வாங்கிய வருஷம் மொய்து கடையை விற்றார். அப்பாஸ் குடும்பத்தோடு புதுநகரம் திரும்பி ரயிலடிக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை போட்டார். கைருன்னிசா கையிலிருந்து எது நழுவினாலும், டம்ளரோ தட்டோ, அவர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவார்: "என்ர பொண்டாட்டி கையில எதையும் குடுத்துப் புடிக்கச் சொல்லாதீங்க. சேவலையே கோட்ட விட்டவ." அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

அவர்கள் திரும்பி வந்து இரண்டு வருஷம் இருக்கும். ஒரு மத்தியானம் கடை வாசலில் ஏலக்காய் லாரி ஒன்று வந்து நின்றது. தேவிகுளத்துக்குத் தெற்கே ஏலமலைச் சக்குபள்ளத்திலிருந்து வந்த டிரைவர், பேர் பிச்சைமணி. கையில் மூங்கில் கூடையோடு இறங்கினான்.

"பினாங்குல கட வச்சிருந்த அப்பாஸ் பாய் ஊடு இதுதானா? தேவிகுளத்துல சந்தனம்னு, போன வருசந்தேன் மலாயாவுலருந்து திரும்புனாக. அவுக வீட்டம்மா குடுத்துவிட்டாக."

குரல் கேட்டுக் கைருன்னிசா உள்கதவோரம் வந்து நின்றாள். "பிள்ள?" என்றாள்.

"பொம்பளப் பிள்ளம்மா. பள்ளிக்கூடம் போவுது. வாயி இருக்கே, எட்டூருக்குக் காணும். மொட்ட போட்டு, முனியாண்டிக்கு அந்தச் சேவலையும் குடுத்தாச்சுன்னு சொல்லச் சொன்னாக." அவன் கூடையைத் திண்டின் மேல் வைத்து மூடியைத் திறந்தான். உள்ளேயிருந்து சிவப்புச் சேவல் ஒன்று கழுத்தை நீட்டியது. "இன்னும் ஒண்ணும் சொன்னாக. மனப்பாடமாச் சொல்லணும்னு ரெண்டு தடவ சொல்ல வச்சாக. 'அன்னைக்கி சாயங்காலம் கூண்டுல நின்ன சேவலுக்கு எறகெல்லாம் உப்புப் பூத்திருந்துச்சு, அக்கா. நானும் கேக்கல, அவரும் சொல்லல. இதுக்குக் காலுல நூலு கட்டல, நல்லாப் பாத்துக்கங்க. பாய் பிஸ்மி சொல்லி அறுக்கட்டும். ஆனா, புடிக்கிறதுக்கு மட்டும் உங்களக் கூப்புட வேணாம்னு சொல்லுங்க.'"