தளர்த்தி வைத்த நட்டு

விடிந்ததும் பரிபூரணம் அக்கா அடுப்புப் பக்கம் போவதில்லை. வீட்டை ஒட்டிய தறிக் கொட்டகைக்குள் ஸ்பானரோடு நுழைந்து, ஒரு தறியின் நட்டைச் சற்றே தளர்த்துவார். ஸ்பானரைப் பெட்டியில் பழையபடி வைத்துவிட்டு வந்த பிறகுதான் காப்பி.

ராஜபாளையத்தில் எங்கள் தெரு முழுக்க பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள். நன்றாக ஓடுகிற தறியைக் கெடுக்கிற ஆள் அக்கா ஒருவர்தான். அடுத்த வீட்டுக்காரனான நான் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, அக்காவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றே பயந்தேன்.

காரணம் உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்தது. கணவர் காமராஜ், தறி ஃபிட்டர். போன வருடம் பக்கவாதம். நடந்தால்தான் கால் வசத்துக்கு வரும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சொல்லியும் மனிதர் அசையவில்லை. மகள் ஷெரின் கோயம்புத்தூரிலிருந்து வாக்கர் வாங்கி அனுப்பினாள். அதில் அக்காவின் சேலை காய்ந்தது. கெஞ்சல், அழுகை, சண்டை எதற்கும் மசியவில்லை.

ஒரு நாள் நட்டு ஒன்று தானாகக் கழன்று, தறியின் சத்தம் மாறியது. கட்டிலிலிருந்து அதட்டல் வந்தது: "ஏட்டி, தறி கத்துதே, காது கேக்கலையா?" "எனக்கு ஒண்ணும் தெரியல, நீங்களே வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டார் அக்கா. திட்டிக்கொண்டே, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தார் காமராஜ்.

அன்றைக்குத் தொடங்கியது இந்த வேலை. வாசல் தறியில் ஆரம்பித்து, அவர் நடக்கிற தூரம் கூடட்டும் என்று, ஒவ்வொரு தறியாக உள்ளே போய் நட்டைத் தளர்த்தினார் அக்கா. "அவியளுக்குக் கை காலுதான் விழுந்துச்சு, காது விழலையே" என்று என்னிடம் சிரிப்பார். உடனே முகம் சுருங்கும். "தெரிஞ்சா வீம்புக்குன்னே படுத்துக்கிடுவாக. பொறவு எதைச் சொல்லி எழுப்ப?" அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

நேற்று கடைசித் தறியின் முறை. நானும் கொட்டகையில் நின்றிருந்தேன். காமராஜ் சுவரைத் தொடாமலே வந்துவிட்டார். அக்கா தறியை நிறுத்தினார். காமராஜ் குனிந்து தடவிப் பார்த்து, ஸ்பானருக்காகக் கையை நீட்டினார். அவர் நடந்து வந்த சந்தோஷத்தில், அக்கா தன் இடுப்பில் செருகியிருந்ததை உருவிக் கொடுத்துவிட்டார். அதைப் பெட்டியில் வைக்க மறந்திருந்தார் என்பது கொடுத்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காமராஜ் நட்டை முடுக்கினார். நிமிர அவசரப்படவில்லை.

"இம்புட்டு லூசாக்காத. நூலு அறுந்துரும்" என்றார்.

பிறகு, ஸ்பானரை அக்காவின் இடுப்பிலேயே செருகிவிட்டார்.