கேட்டுக்கு வெளியே ஒரு டப்பா மிட்டாய்

சோள மாவையும் சர்க்கரையும் பன்னீரும் சேர்த்துக் கிண்டினால் ஆறு வருடப் பகை கரைந்துவிடும் என்று நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், வீட்டிலேயே துருக்கி மிட்டாய் கிண்டி, துண்டு போட்டு, டப்பாவில் அடைத்துக்கொண்டு கூத்தாநல்லூர் பஸ்ஸிலும் ஏறிவிட்டேன்.

நசீர் என் பள்ளித் தோழன். இஸ்தான்புல்லில் மிட்டாய்க் கடையில் வேலை பார்த்துத் திரும்பியவன். ஆறு வருடத்துக்கு முன் அவனைப் பெற்ற அத்தா இறந்த அன்று நல்ல மழை. கிளம்பச் சோம்பி, வெளியூரில் இருப்பதாகப் போனில் பொய் சொன்னேன். வீட்டில்தான் இருந்தேன் என்பது மறுவாரமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மன்னார்குடி தாண்டியதும் டப்பாவைத் திறக்கிறேன். ஈரக்காற்றில் மிட்டாய் வியர்த்திருக்கிறது, என்னைவிடக் கொஞ்சம் குறைவாக. கைக்குட்டையால் ஒவ்வொரு துண்டாகத் துடைக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்காருகிறார்.

நசீர் தன் வீட்டு இரும்புக் கேட்டுக்கு உள்ளே நிற்கிறான். நான் வெளியே.

“நானே கிண்டினேன்டா.” டப்பாவைக் கம்பி வழியாக நீட்டுகிறேன்.

ஒரு துண்டை வாயில் போடுகிறான். “எலுமிச்சம்பழம் பிழிஞ்சீங்களா?” பள்ளிக்கூடத்து ‘டா’ போய் ‘ங்க’ வந்திருக்கிறது.

“அது வேறயா?”

“அதான் சர்க்கரை நறநறங்குது. பாகு கொதிக்கிறப்பவே பிழியணும். மாவு வெந்த பெறகும் ஒரு மணி நேரம் கிண்டணும். நீங்க கை வலிக்குதுன்னு எறக்கிட்டீங்க.”

உண்மைதான். “அடுத்த தடவை சரியா செய்றேன்.”

தூறல் விழுகிறது. டப்பாவை மூடி அதே கம்பி வழியாகத் திருப்பித் தருகிறான்.

“கெளம்புங்க. உங்களுக்குத்தான் மழை ஆகாதே.”

இப்போது பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். கேட் திறக்கவில்லை. டப்பாவில் ஒரு துண்டுதான் குறைகிறது.