இரண்டு கை போதாத வேலை

1993ஆம் ஆண்டு பங்குனி மாதம் உரும்பிராயில் நடந்தது இது. அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. ஐயாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணைமார் இருவரில் ஒருவர் கனடாவில், மற்றவர் நோர்வேயில். கொழும்புக்கு வா, அங்கிருந்து எங்களிடம் எடுப்பிக்கிறோம் என்று மாறி மாறி எழுதுவார்கள். நான் அசையவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டு, ஐந்து அறை வீட்டில் ஒரே ஒரு ஜாம் போத்தல் விளக்கோடு இருந்தேன். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து. காணியைப் பிரித்த மாதிரி அதைப் பிரிக்கவில்லை, எனக்கு முழுதாகவே வந்து சேர்ந்திருந்தது.

பொழுதுபட்ட பிறகு ஒரு மனிதக் குரலாவது கேட்க வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளின் கொப்பிகளைச் சத்தம் போட்டு வாசித்துத் திருத்துவேன். பின்னத்தைத் தலைகீழாக எழுதிய ஒரு பெடியனை ஏசுவதுதான் அன்றைக்கு நான் கதைத்த கடைசிக் கதையாக இருக்கும். அவன் பாவம், தன் வீட்டில் நித்திரையாக இருப்பான்.

ஒரு நாள் மத்தியானம், ஆமி ஊரைப் பிடிக்க வெளிக்கிட்டுவிட்டது என்று ஊருக்குள் கதை பரவியது. எங்கள் ஒழுங்கையால் சைக்கிள்கள் வரிசையாகப் போகத் தொடங்கின. முன்னுக்குப் பிள்ளை, பின்னுக்கு மனைவி, ஹாண்டிலில் பானை சட்டி. நான் ஒரு பையோடு படலையில் நின்றேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. சைக்கிள் மிதித்தால் அரை மைல் போக முன்னரே மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். போகிறவர்கள் எல்லாரும், ரீச்சர் நிக்காதையுங்கோ, கெதியா வெளிக்கிடுங்கோ என்று சொல்லிக்கொண்டுதான் போனார்கள். ஏறச் சொல்வதற்கு ஒருவரிடமும் இடம் இருக்கவில்லை. அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். அந்த ஊரில் ஒவ்வொரு பின் சீற்றுக்கும் ஓர் ஆள் இருந்தது. எனக்கென்று ஒரு பின் சீற் இல்லை, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் ஒழுங்கை வெறிச்சோடிவிட்டது. அடுத்த வீட்டுப் படலையில் இன்னொருத்தியும் பையோடு நின்றாள். அவளிடம் சைக்கிள் இருந்தது, டயர் இல்லை. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் காணாத மாதிரியே பின்னேரம் வரை நின்றோம். கதை பொய் என்று தெரிந்து ஊர் திரும்பி வந்தது. அவள் உள்ளே போனாள், நானும் உள்ளே போனேன்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலர் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். இரண்டு வளவுக்கும் நடுவே இருந்த வேலியில் எங்களுக்கென்றே ஒரு பொட்டு இருந்தது. குனிந்து நுழைந்தால் அடுத்த வீட்டுக் குசினி. பிறகு ஒரு வருடம் வேலி அடைக்கும்போது, வேலிக் கதியால் ஒரு சாண் இந்தப் பக்கம் வந்துவிட்டது என்று ஐயா சொன்னார். இல்லை, ஒரு சாண் அந்தப் பக்கம்தான் போனது என்று அவளுடைய ஐயா சொன்னார். யாழ்ப்பாணத்தாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. முதலில் பொட்டை அடைத்தார்கள், பிறகு வழக்குப் போட்டார்கள். காலப்போக்கில் தகப்பன்மார் இருவரும் செத்தார்கள், சண்டையில் கோர்ட்டும் பூட்டப்பட்டது, வழக்கும் செத்தது. கோபத்தைத்தான் ஒருவரும் கொண்டுபோய் எரிக்கவில்லை. அதை நாங்கள் இருவரும் பத்து வருடமாகச் சோறு போட்டு வளர்த்தோம். தாய் போன பிறகு அவளும் தனியாள்தான். தையல்தான் பிழைப்பு. அவளுடைய மெஷின் ஓடும் சத்தம் எனக்குக் கேட்கும். நான் கொப்பிகளுக்கு ஏசுவது அவளுக்கும் கேட்டிருக்கும்.

படலையில் நின்ற அந்த மத்தியானத்துக்குப் பிறகுதான் ஐயாவின் மோட்டார் சைக்கிள் என் நினைவுக்கு வந்தது. அறுபதுகளில் வாங்கிய பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. கொட்டிலில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. கடைசிக் காலத்தில் ஐயா எண்ணெய் போதாமல் ஓட்டியதில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் போயிருந்தது. ஐயா அதைத் திருத்துகிற போதெல்லாம் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது நான்தான். வளவுக்குள் ஓட்டவும் பழக்கியிருந்தார். இனி ஊர் ஓடினால் நானும் என் பாட்டில் ஓடலாம், ஒருவருடைய பின் சீற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை என்று நினைத்தேன். ஊரிலிருந்த கராஜ்காரர் போன வருடமே கிளாலிக் கடலேரியில் வள்ளம் ஏறி அக்கரைக்குப் போய்விட்டார். சரி, பிரித்ததைப் பூட்ட முடியாதா என்று நானே தொடங்கினேன்.

பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி, நாட்கணக்காக ஊறவிட்டு, மரக்கட்டையால் தட்டித் தட்டிச் சிலிண்டரைக் கிளப்பினேன். புகை போகிற வழி பாதி கரியால் அடைத்திருந்தது. அதைக் கமுகஞ் சிலாகையால் சுரண்டி எடுத்தேன். அடியில் வைக்கிற கஸ்கட்டை ஒரு பழைய பைல் மட்டையில் வெட்டினேன். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் இரண்டு ரிங்குகளும் தேய்ந்து போயிருந்தன. அரசாங்கம் எல்லாவற்றுக்கும் தடை போட்டிருந்த காலம், புதிதாக வர வழியில்லை. யாழ்ப்பாணத்தில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் தேடிப் பிடித்து ஒரு சோடி வாங்கினேன். இதை முறிச்சுப்போட்டு என்னட்டை வராதையுங்கோ தங்கச்சி, ஊரிலை வேறை இல்லை என்று சொல்லித்தான் தந்தார்.

அந்த எஞ்சினில் எல்லா வேலையையும் ஒருவர் தனியாகச் செய்யலாம், ஒன்றைத் தவிர. பிஸ்டனுக்கு மேலே சிலிண்டரை இறக்கும்போது ஒரு கை பிஸ்டனை நேராகப் பிடிக்க வேண்டும். இன்னொரு கை ரிங்கை நெரித்துப் பிடிக்க வேண்டும். மூன்றாவது கை பாரமான சிலிண்டரை மெல்ல இறக்க வேண்டும். கொஞ்சம் சரிந்தாலும் ரிங் முறிந்துவிடும். பிஸ்டனை முழங்காலால் அண்டக் கொடுத்துப் பார்த்தேன். சிலிண்டரைக் கூரை வளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. ஒரு பின்னேரம் சிலிண்டர் நழுவி என் பெருவிரலில் விழுந்தது. ரிங் தப்பியது, நான் தப்பவில்லை. கொட்டில் அதிர ஏசினேன். யாரை என்று கேட்காதீர்கள். ஐயாவில் தொடங்கிக் கடவுள் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. ஏசி முடிந்ததும் மண்ணில் இருந்து அழுதேன். விரல் நொந்ததற்காக அழவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை அது.

அப்போது படலை திறக்கிற சத்தம் கேட்டது. பொட்டு அடைபட்டிருந்தபடியால் அவள் ஒழுங்கையால் சுற்றி, தெரியாத வீட்டுக்கு வருகிறவள் மாதிரி முன்பக்கத்தால் வந்தாள். கொட்டில் வாசலில் நின்று என் விரலைப் பார்த்தாள். பிறகு எஞ்சினைப் பார்த்தாள்.

"எதைப் பிடிக்கோணும்?" என்றாள்.

பத்து வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரிங்கைப் பிடி. நெரிச்சுப் பிடி, ஆட்டாதை" என்று வகுப்பில் கதைக்கிற மாதிரிச் சொன்னேன். அவள் பாவாடையைச் செருகிக்கொண்டு குந்தினாள். நான் சிலிண்டரை இறக்கினேன். அது ரிங்குகளை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கிக்கொண்டு போய் அடியில் உட்கார்ந்தது. இரண்டு பேருடைய கையும் ஒரே கறுப்பு. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் படலைக்குப் போய்விட்டாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அதைத் தா, இதைப் பிடி, இவ்வளவுதான். ஆனால் மூன்று மணிக்கே என் காது படலைக்குப் போய்விடும். மேலே பூட்ட வேண்டிய இரண்டு நட்டை அவள் வரட்டும் என்று நான் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த எஞ்சின் முடிந்துவிடக் கூடாது என்றுகூட நினைத்தேன்.

முடிந்தது. பெற்றோல் கண்ணில் காணக் கிடையாத நாட்கள் அவை. காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிடித்தவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எஞ்சின் எண்ணெய்க்குத் தேங்காயெண்ணெய். நான் உதைத்து உதைத்து மூச்சு வாங்கி நின்றேன். அவள் என்னைத் தள்ளிவிட்டுத் தான் ஏறி உதைத்தாள். வண்டி பிடித்தது. வளவு முழுக்க வெள்ளைப் புகை, வடை சுடுகிற மணம். நாங்கள் இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்க முன்னரே அவள் சொன்னாள், தமையன் லண்டனுக்கு எடுப்பிக்கிறான், ஊரை விட்டுப் போக இயக்கத்தின் அனுமதி கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமை கிளாலிக்குப் போக வேண்டும் என்று. என்னைக் கொண்டுபோய் விடுவியோ என்று கேட்டாள். ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை காலையே வெளிக்கிட்டோம். அவள் பின்னுக்கு, அவளுடைய பை நடுவில். கொடிகாமத்துக்குக் கிட்டப் போகும்போது எஞ்சின் சூடேறி இழுக்க மறுத்தது. ஒரு மாமரத்துக்குக் கீழே நிறுத்தி ஆறவிட்டோம். அவள் கொண்டுவந்த புட்டை இருவரும் ஒரே வாழையிலையில் சாப்பிட்டோம். எங்களோடு படித்தவர்களில் யார் எந்த நாட்டில், யாருக்கு எத்தனை பிள்ளை, நூல்கட்டை விற்கிற விலை என்று பத்து வருடக் கதையை அந்த மரத்தடியில் கதைத்தோம். நல்லாகத்தான் இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என் வாய் சும்மா இருக்காதே. போகப் போறனெண்டு தெரிஞ்சுகொண்டு என்னத்துக்கடி வந்து ரிங்கைப் பிடிச்சனி, வராமலே விட்டிருக்கலாமே என்று அவள் மேல் பாய்ந்தேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. இலையை மடித்தாள்.

"போறதெண்டபடியாத்தான் வந்தனான். போறேல்லையெண்டால் இன்னும் பத்து வருசத்துக்கு நீயும் கதைச்சிருக்க மாட்டாய், நானும் கதைச்சிருக்க மாட்டன்."

நான் எழும்பிப் போய் எஞ்சின் ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன்.

கிளாலியில் சனம் நிறைந்திருந்தது. நேவி கண்டால் சுடும், பொழுதுபட்ட பிறகுதான் வள்ளம் வெளிக்கிடும் என்றார்கள். என் வண்டிக்கு லைற் இல்லை, இருட்ட முன்னர் நான் வீடு போய்ச் சேர வேண்டும். அவளை வரிசையில் விட்டுவிட்டு வந்து கிக்கரை உதைத்தேன். சூட்டு எஞ்சின், அசையவில்லை. உதைக்க உதைக்க எனக்கு இழுப்பு வந்துவிட்டது. பனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தங்கள் மூட்டை முடிச்சோடு இருந்தார்கள். அவள் பையைப் பின்னால் நின்ற ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு வரிசையை விட்டு ஓடி வந்தாள். கொழும்புக்கென்று உடுத்திருந்த நல்ல சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இத்தனை சனத்துக்கு முன்னால் ஏறி உதைத்தாள். பிடித்தது.

மண்ணெண்ணெய் வண்டியைச் சும்மா நிறுத்தி வைத்திருக்க முடியாது. அணைந்தால் அணைந்ததுதான். "நிக்காதை, போ. போடி" என்று என் தோளில் தட்டினாள். சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று வழி முழுக்க எத்தனையோ யோசித்துக்கொண்டு வந்தேன். அவளை வழியனுப்பப் போன நான்தான் முதலில் புறப்பட்டேன். மணல் ரோட்டில் திரும்பிப் பார்க்கவும் பயம், விழுந்துவிடுவேன். கொடிகாமம் வரும்வரை அழுதுகொண்டே ஓட்டினேன். நின்று அழவும் வழியில்லை, நின்றால் உதைக்க ஆள் இல்லை.

அவள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள் என்று ஆறு மாதம் கழித்துத் தெரியவந்தது. அந்தத் தகவல் வரும்வரை பொழுதுபட்டால் கடல் பக்கம் கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் கொப்பியை மூடிவிட்டு முற்றத்தில் போய் நிற்பேன்.

மரத்தடியில் அவள் சொன்னது முழுக்கச் சரி என்பது எனக்கு அப்போதே தெரியும். இன்றைக்கும் எனக்கு ஆட்களோடு கோபம் வராமல் இல்லை, நன்றாகவே வரும். ஆனால் இரண்டு நாள், கூடினால் மூன்று நாளில் நானே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது கோபித்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். நான் நல்லவளாகிவிட்டேன் என்பதால் இல்லை, இனியும் ஒருவர் பயணத்துக்குப் பையைக் கட்டிவைத்துவிட்டுத்தான் என்னோடு கதைக்க வர வேண்டியிருக்குமோ என்ற பயம்.