மடக்கக் கூடாத முழங்கால்

அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை நான்தான் துடைத்து, குலசாமி கோயில் மரத்தடியில் அண்ணனுக்காகப் போட்டு வைத்தேன். திருச்சுழிக்குப் பக்கத்தில் இருக்கிறது என் புகுந்த வீட்டாரின் கோயில். அன்று என் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். எனக்கு இருப்பதோ ஒரே அண்ணன். அவருக்கு முழங்காலில் ஆபரேசன் முடிந்து அப்போது நான்கு வாரம்தான் ஆகியிருந்தது.

அண்ணன் அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டியவர். நாள் முழுக்கத் தறிக்கும் தறிக்கும் நடுவே நின்று நடக்கிற பிழைப்பு. பைக்கிலிருந்து விழுந்ததில் மூட்டின் குருத்தெலும்பும் அதன் கீழ் எலும்பும் பெயர்ந்து குழி விழுந்துவிட்டது. மதுரை டாக்டர் விரல்நுனி அளவில் வெள்ளையாக ஒரு துண்டைக் காட்டினார். உற்றுப் பார்த்தால் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டைகள். "இதைக் குழியில வைப்போம். உங்க எலும்பு இந்த ஓட்டைக்குள்ள வளர்ந்து பிடிச்சுக்கும். வளர வளர இது தானா கரைஞ்சிரும். ஆனா ஆறு வாரத்துக்குக் கால ஊனக் கூடாது, சம்மணம் போடவே கூடாது" என்றார். நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். அதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது.

எங்கள் பக்கம் ஆபரேசன் என்றால் உள்ளே கம்பியோ பிளேட்டோ வைத்திருக்க வேண்டும். கரைந்து போகிற சாமானை வைத்திருக்கிறார்கள் என்றதும் எல்லோருக்கும் இளப்பமாகிவிட்டது. தேதியைத் தள்ளிவைக்கலாம் என்றேன். பத்திரிகை அடித்தாயிற்று, பிள்ளைக்கு நாலு வயது பிறப்பதற்குள் குத்தியாக வேண்டும் என்றார்கள் புகுந்த வீட்டில். சரி, நாற்காலியிலாவது உட்காரட்டும் என்று நினைத்தேன். கோயிலில் என் பெரிய மாமனார் கூட்டத்துக்கு நடுவே, "தாய்மாமன் சேர்ல உக்காந்தா காது குத்துறது? சாமி முன்னாடி தரையில உக்கார மாட்டாகளாமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முழங்கால் மடங்காமல் இருக்கக் கட்டியிருந்த பட்டையை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். "விடு தாயி, அஞ்சு நிமிசந்தான. உள்ள கம்பியா கிடக்கு?" என்றார்.

வாயைத் திறப்பதற்குள் என்று எழுதியது பொய். திறக்க நேரம் இருந்தது. புகுந்த வீட்டார் முன்னால் எதற்குப் பேச்சு என்று நான்தான் பேசாமல் நின்றேன்.

ஆசாரியின் ஊசியைக் கண்டு மகன் துள்ளினான். தரையில் சம்மணம் போட்டிருந்த அண்ணன் அவனை மடியில் இறுக்கிப் பிடித்துச் சிரித்தார். எழுந்திருக்கும்போது இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. மறு வாரம் ஸ்கேன் பார்த்த டாக்டர் துண்டு இடம் பெயர்ந்துவிட்டது என்றார். கோபப்படவில்லை. "இன்னும் ரெண்டு வாரம் பொறுத்திருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். திரும்பவும் ஆபரேசன் செய்தும் மூட்டு பழையபடி தேறவில்லை. தறி வேலை போயிற்று. இப்போது பாளையம்பட்டியில் ஒரு கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை.

போன மாதம் கொழுந்தனார் மகளுக்கு அதே கோயிலில் காதுகுத்து. அண்ணன் நொண்டிக்கொண்டே வந்தார். பெரிய மாமனாரே ஓடிப்போய் ஒரு சிவப்பு நாற்காலியை இழுத்துப் போட்டு, தோள் துண்டால் தட்டி, "உக்காருங்க மாப்ள, கீழ உக்காந்து கஷ்டப்படாதீக" என்றார். எனக்கு அதைத் தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. அன்றைக்கும் இதே மாதிரி ஒரு நாற்காலி இங்கேதான் காலியாகக் கிடந்தது என்று சொல்ல வாய்வரை வந்தது. இந்த முறையும் நான் சொல்லவில்லை.